கட்டியவரும் காப்பவரும்

நுழையும்முன்

ஆக்குவது அரிது, ஆக்கியதைக் காப்பது அதனினும் அரிது. ஓலையில் எழுதியோர் ஓலை சிதையும் என்பதை அறிந்திருந்தனர், ஆதலால் படியெடுத்தனர். கணினித் திரையில் எழுதும் நாமோ, எழுதியது என்றும் இருக்கும் என நம்பிவிடுகிறோம். அந்நம்பிக்கை சரிதானா? ஓர் இணையத்தளத்தைத் தாங்கி நிற்கும் மென்பொருள் காலாவதியாகும்போது அத்தளத்தை என்ன செய்வது? இவ்வினாக்களுக்குத் தென்காசியிலிருந்து விடை தேடுகிறது இக்கட்டுரை.

தென்காசிக் கல்வெட்டு

தென்காசி காசி விசுவநாதர் கோவிலைக் கட்டியவன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன். கி.பி. 15ஆம் நூற்றாண்டில், பாண்டியர் ஆட்சி மதுரையை விட்டுத் தென்பகுதியில் நிலைகொண்டிருந்த காலத்தில், அவன் இக்கோவிலை எழுப்பினான். அங்குப் பாடல் வடிவில் பொறிக்கப்பட்டுள்ள கல்வெட்டுகளுள் ஒன்று வியப்புக்குரியது. அதில் அவன் தன் வெற்றிகளைப் பேசவில்லை. இக்கோவிலுக்குப் பிற்காலத்தில் ஏதேனும் குறை நேருமாயின், அதனைச் சீர்செய்து காப்பவர் எவராயினும், அவரைத் தான் அடிபணிந்து வணங்குவதாகக் கூறுகிறான்.

கல்லால் கட்டியவனே கல்லும் சிதையும் என்பதை அறிந்திருந்தான். அவன் அஞ்சியவாறே நிகழ்ந்தது. கோவிலின் கோபுரம் பின்னாளில் சிதைந்து, பிளவுபட்டு, மொட்டைக் கோபுரமாக நெடுங்காலம் நின்றது. 1990ஆம் ஆண்டில் புதிய இராசகோபுரம் எழுப்பப்பட்டுக் குடமுழுக்கு நடைபெற்றது. ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்னர் வணக்கம் சொல்லிச் சென்ற மன்னனுக்கு மறுமொழி சொல்வதுபோல் அக்கோபுரம் இன்று நிமிர்ந்து நிற்கிறது.

கட்டியவரைப் போற்றுவது உலக வழக்கம். காப்பவரைக் கட்டியவனே வணங்கியது இக்கல்வெட்டின் தனிச்சிறப்பு. நம் காலத்தில் இக்கல்வெட்டின் பொருள் மிகுதியும் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. அது இணையத்தளம்.

தளம் எதன்மேல் நிற்கிறது?

திரையில் தோன்றும் இணையத்தளம் ஒரே பொருளாகத் தெரிகிறது. உண்மையில் அது பல அடுக்குகளாலானது. மேலே நாம் படிக்கும் எழுத்தும் படமும் உள்ளன. அவற்றை ஒழுங்குபடுத்திக் காட்டும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் அடுத்த அடுக்கு. அம்மென்பொருளை இயக்கும் நிரல்மொழியும், செய்திகளைச் சேமிக்கும் தரவுத்தளமும் அதற்கும் கீழே உள்ளன. இவை அனைத்தையும் தாங்கும் வழங்கிக் கணினியும் அதன் இயங்குதளமும் அடித்தளமாக அமைகின்றன. படிப்பவரின் கையிலுள்ள உலாவி மறுமுனையில் இருக்கிறது.

இவ்வடுக்குகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாழ்நாள் உண்டு. உலகின் மிகப்பல தளங்களை இயக்கும் பி.எச்.பி. என்னும் நிரல்மொழியின் ஐந்தாம் பதிப்புக்கான பராமரிப்பு 2018ஆம் ஆண்டு இறுதியோடு முடிந்தது. அசையும் படங்களுக்கும் விளையாட்டுகளுக்கும் பயன்பட்ட ஃபிளாஷ் மென்பொருளின் ஆதரவு 2020 திசம்பர் 31 அன்று முடிவுற்றது. பள்ளிக் கணினிகளில் எல்லாம் இடம்பெற்றிருந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவி 2022 சூனில் விடைபெற்றது. ட்ரூபல் என்னும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருளின் ஏழாம் பதிப்பு 2025 சனவரியில் ஓய்வு பெற்றது.

ஒரு மென்பொருள் காலாவதியாதல் என்பதன் பொருளை நாம் சரியாக உணர்தல் வேண்டும். மறுநாள் காலையில் தளம் நின்றுவிடுவதில்லை. அது முன்போலவே திறக்கும், முன்போலவே ஓடும். அதனாலேயே தீங்கு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. உண்மையில் நிகழ்வது இதுதான்: அம்மென்பொருளை உருவாக்கியவர்கள் அதிலுள்ள ஓட்டைகளை அடைப்பதை நிறுத்திவிடுகிறார்கள். புதிய பதிப்பில் ஓர் ஓட்டை அடைக்கப்படும்போது அச்செய்தி அனைவரும் அறிய வெளியிடப்படுகிறது. பழைய பதிப்பிலும் அதே ஓட்டை இருக்குமாயின், எங்கே நுழையலாம் என்பதை அச்செய்தியே தீயோர்க்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பூட்டு பழுதான வீட்டின் முகவரியைத் தெருவெங்கும் ஒட்டி வைத்ததற்கு இது ஒப்பாகும்.

மற்றொரு தீங்கும் உண்டு. கீழடுக்கு ஒன்று மாறும்போது மேலடுக்கு திடீரெனச் சரியும். வழங்கிக் கணினியை வாடகைக்குத் தரும் நிறுவனம் பழைய நிரல்மொழிப் பதிப்பை நீக்குமாயின், அதனை நம்பியிருந்த தளம் அன்றே வெற்றுத் திரையாகும். ஃபிளாஷ் மென்பொருளின் கதி இதற்குச் சான்று. 2021 சனவரி 12 முதல் அம்மென்பொருளே தன்னில் உள்ள படைப்புகளை இயக்க மறுத்தது. அதனை நம்பி அமைக்கப்பட்ட பாடங்களும் விளையாட்டுகளும் ஒரே நாளில் ஊமையாயின.

தமிழ் கண்ட பெரும் பெயர்ப்பு

அடித்தளம் மாறும்போது உள்ளடக்கத்தைப் பெயர்த்துச் செல்லும் பணி தமிழுக்குப் புதிதன்று. ஓலையிலிருந்து ஓலைக்கும், ஓலையிலிருந்து தாளுக்கும் நம் இலக்கியங்கள் பெயர்ந்து வந்துள்ளன. உ.வே.சாமிநாதர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏடு தேடிய அப்பெருமகனாரின் உழைப்பை நாம் அறிவோம். அதற்கு நிகரான பெயர்ப்பு ஒன்று நம் தலைமுறைக்குச் சற்று முன்னர், பலர் அறியாமலே, கணினியில் நிகழ்ந்தது.

இணையத்தில் தமிழ் 1990களின் நடுவில் நுழைந்தது. சிங்கப்பூரைச் சேர்ந்த நா.கோவிந்தசாமி முதலிய முன்னோடிகள் அதற்கு வழி வகுத்தனர். அக்காலக் குறியாக்கத்தில் மொத்தம் 256 இடங்களே இருந்தன. அவற்றில் முற்பாதி ஆங்கிலத்துக்கு உரியது. எஞ்சிய 128 இடங்களுள் 247 எழுத்துகளையும் அடக்க இயலாது. ஆகவே எழுத்துகளைத் துண்டுகளாக்கி, கொம்பு ஓரிடத்தில், மெய்யுரு ஓரிடத்தில், கால் ஓரிடத்தில் எனச் சேமித்தனர். எந்தத் துண்டுக்கு எந்த இடம் என்பதை ஒவ்வோர் எழுத்துரு உருவாக்குநரும் தம் விருப்பம்போல் வகுத்தனர். இதனால் ஒரு நாளிதழின் தளத்தைப் படிக்க ஓர் எழுத்துரு, மற்றொன்றைப் படிக்க வேறோர் எழுத்துரு தேவைப்பட்டது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ், பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் குறியீடுகளாகவும் சிதறிக் கிடந்தது.

1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் பொதுக் குறியாக்கங்கள் வகுக்கப்பட்டன. இணையத் தமிழ் ஆர்வலர்கள் டிஸ்கி என்னும் குறியாக்கத்தை உருவாக்கினர். இவை அனைத்தும் பயனுள்ள முயற்சிகளே. எனினும் உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி இடம் தரும் ஒருங்குறியில், அதன் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே, தமிழும் இடம்பெற்றிருந்தது. கணினி இயங்குதளங்களும் உலாவிகளும் ஒருங்குறித் தமிழைக் காட்டத் தொடங்கியதும், பழைய குறியாக்கங்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியாயின. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், அதற்கு வாய்ப்பில்லாத இடங்களுக்கு டேஸ் 16 என்னும் குறியாக்கத்தையும் ஏற்று ஆணையிட்டது.

அவ்வாறாயின் பழைய குறியாக்கத்தில் இருந்த பல்லாயிரம் பக்கங்கள் என்னாயின? இங்கேதான் இரு வழிகள் பிரிகின்றன.

முதல் வழிக்குச் சான்று மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு.கல்யாணசுந்தரம் தலைமையில் 1998 பொங்கல் நாளன்று தொடங்கப்பட்ட தன்னார்வத் திட்டம் இது. பல நாடுகளில் வாழும் தமிழர் ஊதியமின்றித் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினர். தொடக்கத்தில் பழைய குறியாக்கத்தில் இருந்த அந்நூல்களை அவர்கள் கைவிடவில்லை, ஒருங்குறிக்குப் பெயர்த்தனர். அதனால்தான் இன்று நம் கைப்பேசியில் சங்க இலக்கியத்தைத் தேடிப் படிக்க முடிகிறது.

இரண்டாம் வழிக்குச் சான்று ஜியோசிட்டீஸ். எவரும் இலவசமாகத் தளம் அமைத்துக்கொள்ள இடம் தந்த சேவை அது. தமிழர் பலர் தம் ஊரையும் தமக்குப் பிடித்த பாடல்களையும் கதைகளையும் பற்றி அதில் எழுதி வைத்திருந்தனர். 2009 அக்டோபரில் அச்சேவை மூடப்பட்டது. இணைய ஆவணக் காப்பகம் முதலிய அமைப்புகள் விரைந்து படியெடுத்தவை மட்டுமே எஞ்சின. படியெடுக்கப்படாதவை போயின.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மென்பொருளின் வேறுபாடன்று. காப்பவர் இருந்தனரா, இல்லையா என்னும் வேறுபாடே ஆகும்.

தெரிந்து தெளிவோம்

'கொ' என்னும் எழுத்தைப் பழைய குறியாக்கங்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் ஒற்றைக்கொம்பு, க, கால் என மூன்று துண்டுகளாகச் சேமித்தன. ஒருங்குறியோ முதலில் ககரத்தையும் அதன்பின் ஒகர உயிர்க்குறியையும் சேமிக்கிறது. இவ்வரிசை மாற்றத்தை அறியாத மாற்றி, கொம்பைத் தனியே பிரித்துவிடும். அவ்வாறே 'ஔ' என்னும் ஓரெழுத்து, 'ஒ', 'ள' என்னும் ஈரெழுத்துகளாகத் தவறாகப் பதிவாவதும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். கணினிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். தவறாகப் பதிவான 'ஔவையார்' தேடலில் அகப்படாமற்போகலாம். ஏடு பெயர்த்து எழுதியோர் செய்த பிழையால் பாடவேறுபாடு தோன்றியதற்கு இது ஒப்பானது.

மூன்று தயக்கங்கள்

புதுப்பித்தல் தேவை என்று கூறினால் எழும் மறுப்புகள் மூன்று. அவற்றை எளிதில் ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது.

'ஓடிக்கொண்டிருப்பதை ஏன் தொட வேண்டும்?' என்பது முதல் மறுப்பு. இதில் ஓரளவு உண்மை உண்டு. அவசரமாகப் புதுப்பிக்கப்பட்ட தளங்கள் பழைய பக்கங்களை இழந்து, அழகு மட்டும் பெற்று நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். ஆயினும் தொடாமல் விடுவதும் ஒரு முடிவே. தீங்கு நேரும்வரை காத்திருப்பவர், அமைதியாகச் செய்ய வேண்டிய வேலையை நெருக்கடியில் செய்ய நேர்கிறது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிய பின்னர்க் கூரையின் ஓட்டை மாற்ற ஏறுபவர் உண்டா?

'தனித்தளம் எதற்கு? எல்லாவற்றையும் சமூக ஊடகத்தில் இட்டுவிடலாமே' என்பது இரண்டாவது. செய்தியைப் பரப்புவதற்குச் சமூக ஊடகம் ஏற்றது, சேமிப்பதற்கு ஏற்றதன்று. அங்கு நாம் குடியிருப்பவர்களே அன்றி உரிமையாளர் அல்லர். ஜியோசிட்டீஸ் கற்பித்த பாடமும் இதுவே. குற்றாலத்தில் வாழ்ந்த இரசிகமணி டி.கே.சி. தம் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களைப் பெற்றவர்கள் காத்து வைத்தனர். அவை பின்னர் நூலாக வெளிவந்தன. அக்கடிதங்கள் அஞ்சலகத்திலேயே தங்கியிருந்து, அஞ்சலகத்தை மூடும் நாளில் அழிந்திருக்குமாயின் நமக்கு என்ன கிடைத்திருக்கும்?

'பணம் எங்கே?' என்பது மூன்றாவது. இதுவே உண்மையான இடர். ஆனால் இவ்விடர் பெரும்பாலும் நாமே உண்டாக்கிக்கொள்வது. தளம் தொடங்கும் நாளில் விழா எடுத்து முழுப்பணத்தையும் செலவிட்டுவிடுகிறோம். அடுத்த ஆண்டுக்கு என்று எதையும் ஒதுக்குவதில்லை. வீடு கட்டுபவர் வெள்ளையடிக்கும் செலவை எண்ணாமல் இருப்பதில்லை. தளம் கட்டுபவர் மட்டும் ஏன் எண்ணுவதில்லை? தளம் அமைக்க நிதி தரும் எந்த அமைப்பும், அந்நிதியில் ஒரு பகுதியைப் பிற்காலப் பராமரிப்புக்கென ஒதுக்கிய பின்னரே தொடக்க விழாவுக்கு ஒப்புதல் தர வேண்டும் என்பது என் கருத்து.

பெயர்க்கும் முறை

தென்காசிப் பகுதியிலுள்ள வாசகர் வட்டம் ஒன்று 2008ஆம் ஆண்டில் ஓர் இணையத்தளம் தொடங்கியது எனக் கொள்வோம். திரிகூட மலையின் மூலிகைகளைப் பற்றி முதியோர் கூறிய செய்திகள், ஊர்த் திருவிழாப் படங்கள், கூட்டங்களில் நிகழ்ந்த உரைகள் ஆகியவை அதில் உள்ளன. அச்செய்திகளைக் கூறிய முதியோருள் சிலர் இன்று இல்லை. தளமோ காலாவதியான மென்பொருளில் ஓடுகிறது. அதனை எவ்வாறு காப்பது?

முதலில் செய்ய வேண்டுவது படியெடுத்தல். எழுத்து, படம், தரவுத்தளம் ஆகிய அனைத்தையும் இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமிக்க வேண்டும். சேமித்த படியிலிருந்து தளத்தை மீட்டெடுக்க முடிகிறதா எனப் பார்த்த பின்னரே அடுத்த அடியை வைக்க வேண்டும். மீட்டுப் பார்க்காத படி, திறந்து பார்க்காத நெற்குதிருக்கு ஒப்பாகும்.

இரண்டாவதாக, உள்ளடக்கத்தையும் ஒப்பனையையும் பிரித்தறிய வேண்டும். வண்ணமும் வடிவமும் மாறலாம். சொல்லும் படமும் நாளும் பெயரும் மாறலாகாது. குற்றாலத்துச் சித்திரசபையில் ஆடவல்லான் சிலையாக அன்றி ஓவியமாகவே காட்சி தருகிறார். சுவரோவியத்தைக் காக்க முனைபவர் அதன்மேல் சுண்ணாம்பு பூசிவிட்டுத் தம் கைவண்ணத்தைத் தீட்டுவதில்லை. அழுக்கை நீக்கி, உதிர்ந்ததை உறுதிசெய்து, பழைய கோட்டை வெளிக்கொணர்கிறார். தளத்தைப் புதுப்பிப்பவரும் அவ்வாறே செயற்படல் வேண்டும்.

மூன்றாவதாக, மாற்றத்தை நேரடியாக ஓடும் தளத்தில் செய்யாமல், அதன் நகலில் செய்து பார்க்க வேண்டும். நிரல்மொழியின் பல பதிப்புகளை ஒரே தாவலில் கடக்க முயலாமல் படிப்படியாகக் கடப்பது பிழையைக் கண்டறிய உதவும். எழுத்து பிழையின்றிப் பெயர்ந்துள்ளதா என்பதைத் தமிழறிந்த ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும். கணினி காணாத பிழையை மனிதக் கண் காணும்.

நான்காவதாக, பழைய முகவரிகளைக் காக்க வேண்டும். ஒரு பக்கத்தின் முகவரியை யாரோ ஒருவர் தம் நூலில் குறித்திருக்கலாம், ஆய்வேட்டில் காட்டியிருக்கலாம். அம்முகவரியில் வருபவரைப் புதிய பக்கத்துக்கு ஆற்றுப்படுத்துதல் கடமையாகும். நல்ல முகவரி மாறுவதில்லை என்னும் கருத்தை வையவிரிவலையைக் கண்டறிந்த டிம் பெர்னர்ஸ்-லீ 1998இல் ஒரு கட்டுரையில் வலியுறுத்தினார். உலகின் முதல் இணையத்தளத்தை, அதன் பிறப்பிடமான செர்ன் ஆய்வு நிறுவனம் 2013இல் அதன் பழைய முகவரியிலேயே மீண்டும் நிறுவியது.

ஐந்தாவது, மென்பொருளைச் சார்ந்ததன்று. தளத்தின் பெயரும் கடவுச்சொற்களும் தனி ஒருவரின் பெயரில் இல்லாமல் அமைப்பின் பெயரில் இருத்தல் வேண்டும். ஆர்வமுள்ள ஓர் இளைஞர் தளத்தை அமைத்துத் தருகிறார். வேலை கிடைத்து வெளியூர் செல்கிறார். சாவி அவரோடு போய்விடுகிறது. மென்பொருள் காலாவதியாகும் முன்னரே பொறுப்பு காலாவதியாகிவிடுகிறது.

எல்லாத் தளங்களையும் முழுமையாகப் புதுப்பிக்க வேண்டுவதில்லை. இனிப் புதிதாக எதுவும் சேராத தளமாயின், அதன் பக்கங்களை நிரலின் துணை தேவைப்படாத எளிய பக்கங்களாக மாற்றி நிறுத்திவிடலாம். ஓட்டை விழும் நிரல் அங்கு இராது. செலவும் மிகக் குறைவு. பணம் இல்லை என்போர்க்கு இது நல்லதொரு வழி.

காப்பவர் யார்?

இப்பணிக்கு ஆள் தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் சோகோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்குகிறது. உலகின் பல நாடுகளில் பயன்படும் மென்பொருள், வயல்களுக்கு நடுவே அமர்ந்தும் எழுதப்படும் என்பதை அது மெய்ப்பித்துள்ளது. 2019 நவம்பர் 22 அன்று உதயமான தென்காசி மாவட்டத்தில் நிரல் எழுதும் இளைஞர் கூட்டம் ஒன்று வளர்ந்து வருகிறது. அவர்கள் உலகுக்குப் புதிய மென்பொருளை ஆக்கித் தருவது பெருமைக்குரியது. தம் ஊர்ப்பள்ளியின், நூலகத்தின், வாசகர் வட்டத்தின் பழைய தளத்தைக் காத்துத் தருவதும் அதற்குக் குறைந்த பெருமையன்று.

அரசுத் துறையிலும் நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. தேசியத் தகவலியல் மையம் மாவட்டங்களின் இணையத்தளங்களை ஒரே பொதுச் சட்டகத்தில் அமைத்து வருகிறது. சட்டகத்தை ஓரிடத்தில் புதுப்பித்தால் அதிலுள்ள தளங்கள் அனைத்தும் பயன்பெறும். சிற்றூர் நூலகங்களும் பள்ளிகளும் தனித்தனியே இடர்ப்படுவதை விடுத்து, இவ்வாறு ஒன்றுகூடிப் பொதுச் சட்டகம் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளலாம். பத்துத் தளங்களுக்குப் பத்துக் காவலர் கிடைப்பது அரிது. பத்துக்கும் சேர்த்து ஒருவர் கிடைப்பது அரிதன்று.

மாணவரும் இதில் பங்கேற்க முடியும். உங்கள் பள்ளியின் அல்லது ஊரின் தளத்தைத் திறந்து பாருங்கள். எந்தப் பக்கம் திறக்கவில்லை, எந்த எழுத்து சிதைந்துள்ளது, எந்தப் படம் காணவில்லை எனப் பட்டியலிட்டு உரியவரிடம் கொடுங்கள். புதுப்பித்தல் என்னும் பெரும்பணி அத்தகைய பட்டியலிலிருந்தே தொடங்குகிறது.

குற்றால அருவியில் நேற்று விழுந்த நீர் இன்று இல்லை. ஆயினும் அருவி அதே அருவியாக விழுந்துகொண்டிருக்கிறது. மென்பொருள்கள் வரும், போகும். அவற்றின் வழியே தமிழர் சொல்லி வைத்த செய்தி தொடர்ந்து வருதல் வேண்டும். அச்செய்தியை ஒரு தளத்திலிருந்து மறுதளத்துக்குச் சிதையாமல் கொண்டு சேர்ப்பவரின் பெயரை எவரும் கல்லில் பொறிக்கப் போவதில்லை. எனினும் அவருக்கான வணக்கம் தென்காசிக் கோவிலில் ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே பொறிக்கப்பட்டுவிட்டது.